சாகும் தறுவாயில் உள்ள ஆட்டை அறுக்கலாமா?

ஆடு மாடு வளர்க்கும் நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்துகொண்டிருந்த கிடா இன்று காலையில் தலை தொங்கி நிற்கிறது. மேல்மூச்சு வாங்குகிறது. சற்று நேரத்தில் காலை உதறிக்கொண்டு சாய்கிறது. செத்துவிட்டால் அது மைத்தா, செத்த பிராணி, யாருக்கும் ஆகாது. ஆகவே வீட்டார் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்புகிறார்கள். "உயிர் போவதற்குள் பிஸ்மி சொல்லி அறுத்துவிட்டால் ஹலால்தானே?" என்பதுதான் கேள்வி.

இக்கேள்விக்கு ஃபிக்ஹு நூல்களில் ஒரு வரியில் பதில் இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் சொல்லி நான் ஒருமுறை பெரும் பிழை செய்தேன். அதை மறைக்காமல் எழுதுவது, இந்தப் பாடத்தைப் படிப்போருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன், ஸனது வாங்கிய இரண்டாம் ஆண்டு, ஒரு சிற்றூரில் இமாமாக இருந்தேன். ஐப்பசி மாதம், வெகுநாள் காய்ச்சலுக்குப் பின் நல்ல மழை பெய்து ஏரி உள்வாயெல்லாம் இளம்புல் கிளம்பியிருந்த சமயம். மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு சிறுவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "ஹஜ்ரத், அம்மா அனுப்பிச்சாங்க. கிடா சாயுது. உசிரு போறதுக்குள்ள நீங்க வந்து அறுத்துக் குடுக்கணுமாம்" என்றான். அந்த அம்மையார் கணவரை இழந்தவர். மூன்று கிடாக்களை வளர்த்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்று, அந்தப் பணத்தில் மகளின் கலியாணக் கடனை அடைக்க எண்ணியிருந்தார். நான் போனேன். கிடாவுக்கு உயிர் இருந்தது, கண் இமைத்தது. பிஸ்மி சொல்லி நானே அறுத்தேன். இரத்தம் பீறிடவில்லை. கறுத்து, தார் போலக் கசிந்தது. வெகுநேரம் ஆகியும் உறையவில்லை. எனக்கு அது வியப்பாக இருந்ததே தவிர, அதன் பொருள் தெரியவில்லை. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் தோலை உரித்தார். இறைச்சி ஏழு வீடுகளுக்குப் போயிற்று. அந்த அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கும் ஒரு பங்கு அனுப்பினார்.

நான்காம் நாள், தோலுரித்த இளைஞரின் மணிக்கட்டில் ஒரு சிறு கொப்புளம். கொசுக்கடி போல அரித்தது, வலி இல்லை. இரண்டு நாளில் அது உடைந்து நடுவில் கரிக்கட்டை போலக் கறுத்தது. சுற்றிலும் கை வீங்கிற்று. அதே வாரத்தில் மீதமிருந்த இரண்டு கிடாக்களும் செத்தன. இளைஞரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, டாக்டர் புண்ணைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "என்ன பிராணியைத் தொட்டாய்?" என்பதுதான். அவர் உடனே சொல்லவில்லை. சொன்னால் ஊருக்குக் கெட்ட பெயர், அந்த அம்மையாருக்கு மனக்கஷ்டம், ஹஜ்ரத்துக்குத் தலைகுனிவு என்று எண்ணினாராம். ஒரு முழு நாள் வீணாயிற்று. பிறகு நானே போய்ச் சொன்னேன். இறைச்சி வாங்கிய ஏழு வீட்டாருக்கும், எனக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் உயிர்ச்சேதம் இல்லை. இளைஞரின் மணிக்கட்டில் தழும்பு மட்டும் நின்றது.

அந்நோயின் பெயர் அடைப்பான். நம் முன்னோர் அறிந்த பெயர்தான். அதை விசாரிக்க வந்த கால்நடை மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "உங்களிடம் முதலில் வருகிறார்கள், எங்களிடம் கடைசியில் வருகிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் முஸ்லிமல்லர். ஆனால் அவர் கேட்டது மார்க்கக் கேள்வி என்றே எனக்குப் பட்டது.

அறுப்பு வேறு, உண்பது வேறு

இப்போது மஸ்அலாவுக்கு வருவோம். நோயால் மெலிந்து சாகும் தறுவாயில் இருக்கும் பிராணியை, அதற்கு உயிர் இருக்கும்போது முறைப்படி அறுத்தால் அறுப்பு செல்லும் என்றே ஷாஃபிஈ நூல்களிலும் ஹனஃபி நூல்களிலும் காண்கிறோம். கழுத்து நெரிபட்டது, மேட்டிலிருந்து விழுந்தது, கொம்பால் குத்துண்டது, வனவிலங்கு கடித்தது ஆகியவற்றைப் பற்றி அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் பேசி, உயிரோடு பிடித்து அறுத்ததை விலக்களிக்கிறது. நோயுற்ற பிராணியின் சட்டத்தையும் இமாம்கள் இதனையடுத்தே ஆராய்ந்தார்கள். எனவே அன்று நான் செய்த அறுப்பு செல்லாதது என்று எவரும் கூற முடியாது.

ஆயினும் அதே நூல்களில், சில பக்கங்கள் தள்ளி, உணவு பற்றிய பாடத்தில் வேறொரு சட்டமும் இருக்கிறது. உடலுக்குக் கேடு விளைவிக்கும் பொருளை உண்பது ஹராம் என்பதே அது. விஷம் நஜீஸ் என்பதால் விலக்கப்படவில்லை. கேடு செய்வதால் விலக்கப்பட்டது. ஒரு செடியோ கனியோ தன்னளவில் சுத்தமானதாயிருந்தும் நஞ்சாக இருந்தால் அதை உண்ணலாகாது. பிறருக்குக் கேடு செய்வதும் கேட்டுக்குப் பதில் கேடு செய்வதும் ஆகாது என்னும் கருத்துடைய நபிமொழி சட்டக்கலையின் அடித்தளங்களுள் ஒன்று என்பதை ஆரம்ப வகுப்பு மாணவரும் அறிவர்.

ஆக, கத்தி செய்வது ஒரு வேலை: மைத்தாவாகாமல் தடுப்பது. நோய்க்கிருமியை அது கொல்வதில்லை. அடைப்பான் கண்ட கிடாவைப் பிஸ்மி சொல்லி அறுத்தவர், விஷம் கலந்த பாலைப் பிஸ்மி சொல்லிக் குடிப்பவரை ஒத்தவரே. 'அறுப்பு செல்லும்' என்ற சட்டத்தைச் சொன்ன நான், 'உண்ணல் ஆகாது' என்ற சட்டத்தைச் சொல்லாமல் விட்டேன். கேட்டவர் கேட்டது முதலாவதைத்தான். ஆனால் அவர் செய்யப் போவது இரண்டாவது என்பது எனக்குத் தெரியாதா?

அடைப்பானில் இன்னொரு படி மேலே போக வேண்டியிருக்கிறது. உண்ணாமல் விட்டால் போதாது, அறுக்கவே கூடாது. ஏன் என்பதற்கு அந்தக் கிருமியின் இயல்பை அறிய வேண்டும்.

அடைப்பானின் இரகசியம்

இக்கிருமியை ஜெர்மனி நாட்டு மருத்துவர் ராபர்ட் கோக் 1876ல் ஆராய்ந்து, அதுவே நோய்க்குக் காரணம் என்று நிலைநாட்டினார். 1881ல் பிரான்சில் லூயி பாஸ்டர், ஊரார் முன்னிலையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, பின்பு நோயைச் செலுத்திக் காட்டினார். ஊசி போட்டவை பிழைத்தன. போடாத செம்மறிகள் செத்தன.

பிராணியின் உடலுக்குள் இருக்கும்வரை அக்கிருமி மென்மையானது. பிணத்தைத் திறக்காமல் விட்டால், அழுகலே பெரும்பாலான கிருமிகளைச் சில நாட்களில் கொன்றுவிடுகிறது. ஆனால் இரத்தம் வெளியே வந்து காற்றுப் பட்டதும் அது தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்தாகிவிடுகிறது. அந்த வித்தை வெயில் கொல்லாது, வறட்சி கொல்லாது. வீட்டுச் சமையலின் சூட்டை நம்புவதற்கும் இல்லை. மண்ணில் பல்லாண்டுகள் கிடந்து, மழைக்குப் பின் மண்ணோடு ஒட்டிய புல்லைக் கறம்பும் ஆட்டின் வயிற்றுக்குள் மீண்டும் உயிர் பெறுகிறது.

எத்தனை ஆண்டுகள் என்று கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942ல், பிரிட்டிஷ் அரசாங்கம் ஸ்காட்லாந்துக் கரையை அடுத்த குருயினார்டு என்னும் சிறு தீவில் செம்மறிகளைக் கட்டிவைத்து இக்கிருமியைப் போர்க்கருவியாகச் சோதித்துப் பார்த்தது. ஆடுகள் செத்தன. அதன்பின் அத்தீவில் எவரும் கால் வைக்கக் கூடாதென்று தடை போட்டார்கள். 1986ல் கடல்நீரில் ஃபார்மால்டிஹைடு கலந்து தீவு முழுவதும் பாய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். 1990ல்தான் தீவு அபாயமற்றது என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு! கற்றவர்கள் என்று சொல்லிக்கொள்வோர் அல்லாஹ்வின் பூமியை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

நம் கொட்டிலில், நம் முற்றத்தில், அடைப்பான் கண்ட கிடாவை அறுத்து இரத்தத்தை மண்ணில் விடுவதும் அத்தீவில் நடந்ததன் சிறு வடிவமே. நம் பிள்ளைகளின் காலத்து ஆடுகளுக்கும் சேர்த்து விதைத்துவிட்டோம் என்று பொருள்.

அடையாளங்களைச் சொல்கிறேன், பெண்மணிகள் குறிப்பாக மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டில் ஆட்டை முதலில் பார்ப்பவர்கள் அவர்களே.

நல்ல நிலையில் இருந்த ஆடோ மாடோ நோயின் முன்னறிகுறி அதிகம் இல்லாமல் திடீரென்று சாவது முதல் அடையாளம். இரவில் கட்டியது காலையில் செத்துக் கிடக்கும். சிலவற்றுக்குக் கடுங்காய்ச்சல், நடுக்கம், மூச்சுத் திணறல், தள்ளாட்டம் சில மணி நேரம் இருக்கும். செத்தபின் மூக்கு, வாய், ஆசனவாய் ஆகிய துவாரங்களிலிருந்து கறுத்த இரத்தம் உறையாமல் வடியும். வயிறு மிக விரைவில் ஊதும். பிணம் வழக்கம்போல் விறைத்துப் போகாது. இவற்றுள் ஒன்றிரண்டு இருந்தாலே கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். பாம்பு கடித்திருக்கும், விஷப்பூண்டு தின்றிருக்கும் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. அது பாம்புக் கடியாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். காது நரம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தே அவரால் ஆராய முடியும். வயிற்றைக் கிழிக்க வேண்டிய தேவையில்லை.

மனிதருக்கு இது பெரும்பாலும் தோல் வழியாகவே வருகிறது. அரிக்கும் சிறு கொப்புளம், பின் வலியற்ற புண், நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம். வலி இல்லாததால் பலர் அலட்சியம் செய்கிறார்கள். வைத்தியம் செய்யாது விட்டால், தோலில் கண்டவர்களிலும் நூற்றுக்கு 10 முதல் 20 பேர் வரை மரணமடையக்கூடும். இறைச்சியை உண்டு குடலில் கண்டால் ஆபத்து அதிலும் கூடுதல். தக்க சமயத்தில் மருந்து கொடுத்தால் தோல் புண் நன்கு குணமாகிவிடும். ஆகவே டாக்டரிடம் செத்த ஆட்டைத் தொட்டதை, அறுத்ததை, தின்றதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

தோல் பற்றி ஒரு ஐயம்

அறுக்காவிட்டால் தோலையாவது உரித்து விற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தோல் வணிகத்தில் தலைமுறைகளாக இருக்கும் நம் சமூகத்தாருக்கு இந்த ஹதீஸ் நன்றாகத் தெரியும். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற பெருமானார் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன் பெற்றிருக்கலாமே என்னும் கருத்தில் கேட்டார்கள். அது செத்த பிராணி என்று சொல்லப்பட்டபோது, உண்பது மட்டுமே ஹராம் என்று விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது.

இந்த ஹதீஸ் தருவது அனுமதி. பொருளை வீணாக்காதிருக்கக் காட்டிய அன்பு. கட்டாயம் அன்று. கொள்ளைநோயால் செத்ததென்று அஞ்சும் பிராணியின் தோலை உரிப்பவர் தம் கைக்கு மட்டுமன்றி, தோல் மண்டியில் சுமப்பவருக்கும், பதனிடும் தொழிலாளிக்கும் நோயைக் கட்டிக் கொடுக்கிறார். தோலும் ரோமமும் கையாளும் தொழிலாளருக்கு இந்நோய் வருவது உலகெங்கும் பழைய அனுபவம். அனுமதிக்கப்பட்ட ஒரு காரியம் பிறரின் உயிருக்குக் கேடாகும்போது அந்த அனுமதி நிற்காது.

'தொற்று இல்லை' என்று வந்திருக்கிறதே?

இதைப் படிக்கும் சிலர், "ஹஜ்ரத், நோய்த்தொற்று இல்லை என்று ஹதீஸில் வந்திருக்க, நீங்கள் என்ன டாக்டர் போலப் பேசுகிறீர்கள்?" என்று கேட்கக்கூடும். அவ்வாறு வந்திருப்பது உண்மையே. ஒரு கிராமத்து அரபி, மான்கள் போலத் துள்ளும் தம் ஒட்டகங்களிடையே சொறி பிடித்த ஒட்டகம் ஒன்று வந்து கலந்து அனைத்துக்கும் சொறி வந்ததைச் சொல்ல, அப்படியானால் முதல் ஒட்டகத்துக்கு யார் கொடுத்தது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவியதும் உண்மையே.

ஆனால் அதே அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகவே, நோயுள்ள ஒட்டகங்களின் சொந்தக்காரர் அவற்றை ஆரோக்கியமான ஒட்டகங்களின் சொந்தக்காரரிடம் கொண்டு சேர்க்கலாகாது என்னும் கருத்துள்ள ஹதீஸும் வந்திருக்கிறது. இரண்டும் ஸஹீஹானவை. முரண்போலத் தோன்றும் இவற்றை இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) போன்ற பெருமக்கள் இணைத்து விளக்கியிருக்கிறார்கள்: நோய் தன் சொந்தச் சக்தியால், இறைநாட்டமின்றித் தாவுகிறது என்ற அறியாமைக் கால நம்பிக்கையை முதல் ஹதீஸ் மறுக்கிறது, கலந்து பழகுவதை நோய்க்கு ஒரு காரணமாக அல்லாஹ் ஆக்கியிருப்பதால் அதைத் தவிர்க்குமாறு இரண்டாம் ஹதீஸ் ஏவுகிறது. நெருப்பு சுடுவது அவன் நாட்டத்தால்தான். அதற்காக எவரும் அடுப்பில் கை வைப்பதில்லை.

இரண்டாம் ஹதீஸில் வரும் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். 'கொண்டு சேர்த்தல்' என்று நான் தமிழாக்கியதற்கு அங்கே ஆளப்பட்டிருப்பது 'ஈராத்' என்னும் மூலச் சொல். கால்நடையை நீர்த்துறைக்கு இட்டுச் செல்வது என்பதே அதன் அசல் பொருள். பாலைவனத்தில் பல பட்டிகள் ஒன்றுகூடும் இடம் கிணற்றடிதானே? நோய் பரவும் இடமும் அதுவே.

நம் நாட்டில் 2009ல் கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கென்று ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அதில் உள்ள ஒரு விதியைப் படித்தபோது எனக்கு உடனே இந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது. நோய் கண்டதாகச் சந்தேகிக்கும் பிராணியைச் சொந்தக்காரர் தனியே கட்ட வேண்டும். பொது மேய்ச்சலுக்கு விடக்கூடாது. குளம், ஏரி, ஆறு, பொதுத் தொட்டி எதிலும் நீர் குடிக்க விடக்கூடாது என்பது அவ்விதி. மேலும், சந்தேகம் எழுந்தவுடன் சொந்தக்காரரோ பிராணியைப் பொறுப்பில் வைத்திருப்பவரோ கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்க வேண்டும். அவர்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பார்கள். நோய் என்று நிச்சயமான பின் அல்ல. நம்பக் காரணம் இருந்தாலே தெரிவிக்க வேண்டும்.

தெரிவிப்பது புறம் பேசுவதாகுமா?

தன் ஆட்டைப் பற்றிச் சொல்வது எளிது. அண்டை வீட்டார் தம் பட்டியில் நான்கு ஆடுகள் செத்ததை மறைத்து, இரவோடு இரவாக ஓடையில் எறிந்துவிட்டு, மீதியைச் சந்தைக்கு ஓட்டுகிறார் என்று தெரிந்தால்? ஒரு முஸ்லிமின் குறையை மறைக்க வேண்டும் என்று படித்திருக்கிறோமே என்று வாளாவிருப்பவர்கள் உண்டு.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை வகுத்துத் தந்துள்ளார்கள். மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும் அவற்றுள் ஒன்று. பொருளில் குறையிருப்பதை அறிந்தவர் வாங்குபவரிடம் சொல்லிவிடுவதையும் மார்க்க அறிஞர்கள் இதில் சேர்த்திருக்கிறார்கள். முதலில் அவரிடமே இரக்கத்தோடு போய்ச் சொல்ல வேண்டும். கேளாவிட்டால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து பத்துப் பேரிடம் பேசுவதே புறம். நடவடிக்கை எடுக்கும் ஒருவரிடம் சொல்வது புறமன்று.

விற்பவரின் நிலையோ மிகக் கடுமையானது. மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலில் பெருமானார் (ஸல்) அவர்கள் கை விட்டுப் பார்த்து, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்த நிகழ்ச்சியை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நனைந்த தானியம் வாங்குபவரின் பணத்தை மட்டுமே கெடுக்கும். நோயுள்ள ஆடு அவருடைய பட்டியையே கெடுக்கும். அதிலும் குர்பானிக்கென்று விற்பது இருமடங்குக் குற்றம். நோய் வெளிப்படையாகத் தெரியும் பிராணி குர்பானிக்குச் செல்லாது என்பது பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் உள்ள நான்கு குறைகளுள் ஒன்று.

மற்ற நோய்களைப் பற்றியும் சுருக்கமாக அறிந்து வைத்துக்கொள்க. மாட்டுக்கு எச்சில் நூல் நூலாக ஒழுகி, நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் கண்டு நொண்டினால் கோமாரி. ஆடுகளுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகி, வாய் புண்ணாகி, கழிச்சலோடு பட்டி பட்டியாகச் சாய்ந்தால் ஆட்டுக்கொல்லி. மழைக்காலத்தில் மாட்டின் தொண்டை வீங்கிக் குறட்டை போல மூச்சு வந்தால் தொண்டை அடைப்பான். கொழுத்த இளங்காளையின் தொடைச் சதை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஒலித்தால் சப்பை நோய். கோழிகளும் காக்கைகளும் காரணமின்றிக் கூட்டமாகச் செத்து விழுந்தால் அதையும் உடனே சொல்ல வேண்டும். சாதுவான மாடு திடீரென்று முரண்டு பிடித்து, வாயில் நுரை தள்ளி, விழுங்க முடியாமல் தவித்தால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். நிறைசினை மாடு முதிர்ந்த மாதத்தில் கன்று வீசினால் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதும், அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதும் மனிதருக்கு விட்டு விட்டு வரும் நெடுங்காய்ச்சலைத் தரும். பெண்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள், இதில் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

சொன்னால் என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. நம் பாட்டனார் காலத்தில் வெக்கை என்றும் மாட்டுக் கொள்ளை என்றும் ஒரு நோய் வந்து ஊர் ஊராக மாடுகளைத் துடைத்துச் சென்றது. ஊசி போட்டதோடு நில்லாமல், ஊர் ஊராகப் போய் இப்படி நோய் கண்ட மாடு உண்டா என்று விசாரித்து விசாரித்தே அதை ஒழித்தார்கள். 2006ல் நம் நாடும் 2011ல் உலகம் முழுவதும் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்று எந்த இளைஞரும் அதைப் பார்த்ததில்லை.

அந்த அம்மையாரின் நஷ்டம்

மஸ்அலா இங்கே முடிந்துவிடவில்லை. அந்த அம்மையார் கிடாவை அறுக்கச் சொன்னது பேராசையால் அன்று. கண் முன்னே சாய்ந்து கொண்டிருந்தது அவருடைய மகளின் கலியாணக் கடன். "அறுக்காதே, உரிக்காதே, விற்காதே, புதைத்துவிடு" என்று நான் அன்று சொல்லியிருந்தால், அவர் என்னை நோக்கி, "அப்போ கடனை யார் அடைப்பது?" என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாதவரை என் ஃபத்வாவுக்கு வலிமையும் இல்லை.

ஏழைக் குடும்பத்தின் ஆடு இவ்வாறு போனால் ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து ஈடு செய்வதற்கு மார்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை. அவர் ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழையாகவோ கடனாளியாகவோ இருப்பின் ஜகாத்திலிருந்தே கொடுக்கலாம். நாங்கள் அன்று தாமதமாகவேனும் அப்படித்தான் செய்தோம். மூன்று கிடாக்களின் விலையும் கிடைக்கவில்லை. இரண்டு பெண் குட்டிகள் வாங்கித் தர முடிந்தது. ஏழு வீட்டாரும் அதில் பங்கு போட்டார்கள். மறு வருடம் முதல், மழைக்கு முன்பே மருத்துவரை அழைத்துப் பள்ளிவாசல் மைதானத்தில் ஊர் ஆடுகள் அனைத்துக்கும் அடைப்பான் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தோம். முஸ்லிம் வீட்டு ஆடு, இந்து வீட்டு ஆடு என்று பார்க்கவில்லை; ஏரி எல்லார்க்கும் ஒன்றுதானே.

மருத்துவர் வரும்வரை என்ன செய்வது என்பதை அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தபடி எழுதுகிறேன். செத்ததை இழுத்துச் செல்லக் கூடாது; இழுக்கும் வழியெல்லாம் இரத்தம் சிந்தும். நாய், காக்கை, கழுகு அண்டாதபடி மூடிக் காவல் இருக்க வேண்டும். குழந்தைகளை விலக்க வேண்டும். மற்ற ஆடுகளை அந்த இடத்திலிருந்து வேறிடத்தில் கட்ட வேண்டும். வெறுங்கையால் தொட்டவர் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, கையில் வெட்டுக்காயம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எரிப்பதா, புதைப்பதா, எங்கே என்பதை மருத்துவர் முடிவு செய்வார். புதைப்பதாயின் ஆறடிக்குக் குறையாத ஆழம், கிணற்றுக்கும் ஏரிக்கும் தொலைவு. தின்னாமல் மிச்சம் விட்ட தீவனத்தையும் இரத்தம் பட்ட மண்ணையும் வைக்கோலையும் அதனோடு சேர்த்தே ஒழிக்க வேண்டும்.

கால்நடை மருந்தகம் தொலைவில் இருந்தால் 1962 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் அழைக்கலாம். கால்நடைகளுக்கான அவசர ஊர்தி சேவைக்குரிய எண் அது. அந்தச் சிற்றூர்ப் பள்ளிவாசலில் தொழுகை நேரப் பலகையின் அடியில் அந்த எண்ணைச் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் மணிக்கட்டில் தழும்புள்ள அந்த இளைஞர். சென்ற மழைக்காலத்தில் நான் போனபோது எழுத்து சற்று மங்கியிருந்தது. அஸருக்குப் பின் ஏணி வைத்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்.